ஆரம்ப வகுப்பறையின் ஒரு நாள்: யாழ்ப்பாணக் கல்வி மரபினூடாக ஒரு நோக்கு

1. முன்னுரை

கல்வி வரலாறு பற்றிய எமது ஆய்வுகள் பெரும்பாலும் சட்டங்களையும் ஆணைக்குழு அறிக்கைகளையும் கல்லூரி நிறுவுநர்களையும் சுற்றியே அமைந்துள்ளன. ஒரு பிள்ளை காலையில் பாடசாலைக்குள் நுழைந்தது முதல் வீடு திரும்பும் வரையில் உண்மையில் எதைச் செய்கின்றது, எங்கே அமர்கின்றது, எத்தனை முறை வாய் திறந்து பேசுகின்றது, எம்மொழியிற் பேசுகின்றது என்னும் வினாக்கள் ஆய்வாளரின் கவனத்தை அவ்வளவாக ஈர்த்ததில்லை. ஆனால் ஒரு சமுதாயம் கல்வியை யாருக்காக, எதற்காக வைத்திருக்கின்றது என்பதை அதன் சட்டப் புத்தகத்தைக் காட்டிலும் அதன் ஆரம்ப வகுப்பறையின் ஒரு நாள் தெளிவாகக் காட்டிவிடும்.

இக்கட்டுரை யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஆரம்பக் கல்வி மரபிலிருந்து மூன்று வகையான பாடசாலை நாள்களை எடுத்து நோக்குகின்றது. முதலாவது திண்ணைப் பள்ளியின் நாள். இரண்டாவது அச்சுப் புத்தகமும் நேரசூசியும் மணியும் வந்து சேர்ந்த பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாடசாலையின் நாள். மூன்றாவது செயல்வழிக் கற்றலை அடிப்படையாகக் கொண்ட ஒன்றிணைந்த கலைத்திட்டத்தின் நாள். மூன்றையும் ஒப்புநோக்கும்போது பழையன யாவும் கழிக்கத்தக்கன என்றோ, புதியன யாவும் மேலானவை என்றோ கொள்ள இடமில்லை என்பது புலனாகும்.

2. திண்ணைப் பள்ளியின் நாள்

விசயதசமியன்று ஏடு தொடக்கப்பெற்ற பிள்ளை, சட்டம்பியார் வீட்டுத் திண்ணையிலோ கோயில் மடத்திலோ மரநிழலிலோ தன் கல்வியைத் தொடங்கிற்று. பரப்பிய மணலில் விரலால் எழுத்தை வரைந்து, வரையும்போதே அதனை உரக்கச் சொல்லுதல் முதற்பயிற்சியாகும். கை பழகியபின் பனையோலையும் எழுத்தாணியும் வழங்கப்பட்டன. ஆத்திசூடி, கொன்றைவேந்தன் முதலிய நீதி நூல்களும், பின்னர் நிகண்டும், கணக்கிற்கு எண்சுவடியும் பாடங்களாக அமைந்தன. ஒருவர் சொல்ல மற்றையோர் தொடர்ந்து சொல்லும் 'முறை சொல்லுதல்' என்னும் வழக்கம் நாளின் பெரும்பகுதியை நிரப்பிற்று.

மனனம் செய்தலை இன்று நாம் எளிதாகக் குறை கூறுகின்றோம். ஆயின் அதற்கு ஒரு பொருளியற் காரணம் இருந்தது. ஏடு அரிது, ஒவ்வோர் ஏடும் கையால் எழுதப்படவேண்டியது. நூலை எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்ற வசதி இல்லாதவிடத்து, நினைவே நூலகமாக அமைதல் தவிர்க்க முடியாததாகும். எண்சுவடியின் கீழ்வாயிலக்கத்தை எடுத்துக்கொள்வோம். முந்திரி என்பது 1/320, அரைக்காணி 1/160, காணி 1/80, மா 1/20. நெல்லும் நிலமும் பணமும் அளக்கும் சமுதாயத்தில் இப்பின்னங்கள் அன்றாடத் தேவையாயிருந்தன. அவற்றை மனத்தாலே கூட்டவும் பெருக்கவும் வல்ல சிறுவன் வயல் வரம்பிலும் சந்தையிலும் தன் கல்வியைப் பயன்படுத்தக் கூடியவனாயிருந்தான்.

இம்முறையின் மற்றோர் இயல்பும் மனங்கொள்ளத்தக்கது. திண்ணைப் பள்ளியில் இன்றைய பொருளில் 'வகுப்பு' என்ற ஒன்று இல்லை. ஒரே திண்ணையில் ஒருவன் மணலில் எழுதினான். ஒருவன் நிகண்டு ஓதினான். ஒருவன் கணக்குச் செய்தான். ஒன்றைக் கற்று முடித்தவன் அடுத்ததற்குச் சென்றான். மூத்த மாணவன் இளையோருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தான். இம்மரபின் ஒரு கூறு உலகக் கல்வி வரலாற்றிலும் இடம்பெற்றுள்ளது. சென்னையில் 1789இல் ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதியின் பொறுப்பை ஏற்ற அன்றூ பெல் என்னும் ஸ்கொத்லாந்தர், அங்குள்ள நாட்டுப் பள்ளியொன்றிலே பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதனைத் தம் விடுதியிற் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் ஒழுங்கினையும் வகுத்தார். அவர் 1797இல் இலண்டனில் வெளியிட்ட அறிக்கையின் பயனாக அம்முறை 'சென்னை முறை' என்னும் பெயரோடு இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பாடசாலைகளிற் பரவிற்று.

எனினும் அத்திண்ணையில் ஏறக் கூடியவர் யாவர் என்பதே அடிப்படை வினாவாகும். ஒடுக்கப்பட்ட சாதியினரின் பிள்ளைகளுக்கு அங்கு இடமிருக்கவில்லை. பெண்பிள்ளைகளில் மிகச் சிலரே எழுத்தறிவு பெற்றனர். தனியாளின் வேகத்திற்கு இடமளித்த முறை, தனியாளின் பிறப்பைப் பார்த்தே வாயிலைத் திறந்தது. பிழை செய்தவனுக்குப் பிரம்பே மறுமொழியாயிற்று.

3. மணியும் அச்சுப் புத்தகமும்

ஒல்லாந்தர் ஆட்சியிலே கோவிற்பற்றுகள்தோறும் பாடசாலைகள் நடத்தப்பட்டன. பள்ளித் தோம்புகள் மக்களின் ஞானத்தானத்தையும் விவாகத்தையும் பதியும் ஏடுகளாகவும் விளங்கின. எனினும் இன்று நாம் அறியும் பாடசாலை நாள் உருவானது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயாகும். அமெரிக்க மிசனரிமார் 1816இல் யாழ்ப்பாணத்திற் பணி தொடங்கினர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824இல் உடுவிலிற் பெண்கள் விடுதிப் பாடசாலையும் தோன்றின. கிராமங்கள்தோறும் தமிழ்ப் பாடசாலைகள் எழுந்தன. இவற்றின் நோக்கம் மதப்பரம்பலாயினும், பெண்களையும் திண்ணையில் இடம்பெறாதோரையும் எழுத்தறிவின் எல்லைக்குள் கொணர்ந்ததில் அவற்றுக்குரிய பங்கினை மறுத்தல் இயலாது.

இதற்கு எதிர்வினையாகவும் இதனைப் பின்பற்றியும் எழுந்ததே ஆறுமுக நாவலரின் கல்விப் பணியாகும். வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை அவர் 1848இல் நிறுவினார். 1849இல் சென்னையிலிருந்து அச்சியந்திரம் கொணர்ந்தார். பின்னர்ப் பாலபாடங்களைப் படிமுறையாக எழுதி வெளியிட்டார். எளிய சொல்லிலிருந்து சிறு வாக்கியத்திற்கும், அதிலிருந்து நீண்ட உரைநடைக்கும் பிள்ளையை அழைத்துச் செல்லும் அப்புத்தகங்கள் தமிழில் ஆரம்பப் பாடநூல் என்னும் வகைக்கு ஓர் அடித்தளமிட்டன. செய்யுளை ஓதி மனனம் செய்த பிள்ளை, உரைநடையை வாசித்து விளங்கும் பிள்ளையாக மாறத் தொடங்கியமை ஒரு பெருமாற்றம் என்றே கொள்ளல் வேண்டும். அதேவேளை, சாதியாசாரத்தைப் பொறுத்தவரையில் நாவலர் தம் காலத்து மேலோர் நோக்கினின்றும் விலகியவரல்லர் என்பதும் கூறப்படல் வேண்டும்.

இவ்விரு மரபுகளினதும் கூட்டு விளைவாக வகுப்பறையின் தோற்றமே மாறிற்று. வயதுவாரியாகப் பிரிக்கப்பட்ட வகுப்பு, கரும்பலகை, சிலேற்று, வாங்கு, இடாப்பு, மணி, நேரசூசி என்பன வந்தன. 1869இல் பொதுப்போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டபின், நன்கொடை பெறும் பாடசாலைகளின் பணம் மாணவரின் பரீட்சைப் பெறுபேற்றோடு பிணைக்கப்பட்டது. வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றிற் பிள்ளைகள் எவ்வாறு விடையளித்தனர் என்பதைப் பரிசோதகர் கணித்தார். அதன் பயன் யாதெனில், ஆண்டின் ஏனைய நாள்கள் யாவும் பரிசோதகர் வரும் அந்த ஒரு நாளுக்கான ஆயத்தமாயின. பரீட்சைக்காகவே கற்பித்தல் என்னும் நோயினை இக்காலத்ததென எண்ணுவோர் அதன் வேர் இங்கே கிடப்பதை நோக்குதல் நன்று.

4. வாங்கும் நிலமும்

பொதுப் பாடசாலையின் கதவு சட்டப்படி திறந்தபின்னரும் வகுப்பறைக்குள்ளே ஒரு பிரிகோடு நெடுங்காலம் நிலவிற்று. 'உயர்' சாதிப் பிள்ளைகள் வாங்கில் அமர, ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்தில் அமர்த்தப்பட்டனர். அதே ஆசிரியர், அதே கரும்பலகை, அதே பாடம். ஆயின் நிலத்திலிருந்த பிள்ளை அந்நாளிற் கற்ற முதற்பாடம் தன் இடம் எது என்பதாகும். பாடநூலில் எழுதப்படாத இப்பாடத்தை வாங்கிலிருந்த பிள்ளையும் கூடவே கற்றது.

1924இல் தோன்றிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரசும், அது வளர்ந்து உருவான வாலிபர் காங்கிரசும் தீண்டாமைக்கு எதிராகக் குரல் எழுப்பின. சமபந்தி போசனமும் சமஆசனமும் அக்காலத்தின் இரு பெருங் கோரிக்கைகளாயின. 1929-1930 காலப்பகுதியில் நன்கொடை பெறும் பாடசாலைகளிற் சமஆசனம் வழங்கப்படல் வேண்டுமென அரசு பணித்தபோது எழுந்த எதிர்ப்பு கடுமையானது. சில பாடசாலைகள் தீக்கிரையாயின. ஒரு பிள்ளை எங்கே அமர்கின்றது என்னும் வினா ஓர் ஊரையே கொதித்தெழச் செய்தது எனின், இருக்கை என்பது வெறும் தளபாடம் அன்று என்பது வெளிப்படை. சட்டத்தால் வாங்கு கிடைத்த பின்னரும் பல பாடசாலைகளில் மனநிலை மாறுதற்கு மேலும் பல ஆண்டுகள் சென்றன.

1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், ஆரம்ப வகுப்புகளிற் தாய்மொழியே போதனாமொழி என்ற ஏற்பாடும், 1960-1961இல் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளுட் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றமையும் இவ்வரலாற்றின் அடுத்த படிகளாகும். கன்னங்கராவின் பெயரோடு இணைந்த இச்சீர்திருத்தங்கள் இல்லாதிருப்பின், குடாநாட்டின் கூலி விவசாயியின் மகளும் கடற்றொழிலாளியின் மகனும் பல்கலைக்கழக வாயிலை எட்டியிருத்தல் அரிதாகும்.

5. செயல்வழிக் கற்றலின் நாள்

1972இன் கல்விச் சீர்திருத்தம் ஆரம்ப வகுப்புகளுக்கு ஒன்றிணைந்த கலைத்திட்டத்தை அறிமுகஞ் செய்தது. பாடங்களைத் தனித்தனிப் பெட்டிகளாக அடைக்காது, பிள்ளையின் சூழலிலிருந்து ஒரு கருப்பொருளை எடுத்து அதனூடாக மொழியையும் கணிதத்தையும் கலையையும் வளர்த்தல் அதன் நோக்கமாகும். 1997ஆம் ஆண்டின் பொதுக்கல்விச் சீர்திருத்தத்தை அடுத்து 1999இல் நாடெங்கும் முதலாந் தரத்திலிருந்து தொடங்கிய கலைத்திட்டம் இதனை மேலும் ஒழுங்குபடுத்திற்று. தாய்மொழி, கணிதம், சமயம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்பன முதன்மைப் பாடங்களாயின. வழிகாட்டப்பட்ட விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்னும் மூன்று வழிகள் வகுக்கப்பட்டன. கீழ்த்தரங்களில் விளையாட்டு மிக்கும், மேற்செல்ல எழுத்துவேலை மிக்கும் அமைதல் வேண்டும் எனக் கொள்ளப்பட்டது. புறோபலும் மொண்டிசோரியும் யோன் டூயியும் பியாசேயும் வலியுறுத்திய கருத்துகள் இங்கே எமது சூழலுக்கேற்ப உருப்பெற்றன எனலாம்.

இவ்வமைப்பைத் தழுவி, மூன்றாந் தர வகுப்பொன்றுக்கான ஒரு மாதிரி நாளை இங்கு வகுத்துக் காட்டலாம். கருப்பொருள் 'எங்கள் கிணறு'. குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவுமில்லை. சுண்ணாம்புக் கற்பாறையினுள்ளே, உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீர்ப் படையே எமது குடிநீரும் வேளாண்மையும் ஆகும். எனவே கிணறு என்பது எமது பிள்ளை நாள்தோறும் காண்பதும், அதன் வாழ்வு தங்கியிருப்பதுமான பொருளாகும்.

காலைக் கூட்டத்தின்பின் முதலிற் பேச்சு. பிள்ளைகள் வட்டமாக அமர்ந்து தத்தம் வீட்டுக் கிணற்றைப் பற்றிக் கூறுகின்றனர். ஒரு பிள்ளை, "மாரிக்கு எங்கடை வீட்டுக் கிணத்துத் தண்ணி மேலை வரும், ரீச்சர்" என்கின்றது. இவ்விடத்தில் ஆசிரியர் செய்வதே அந்நாளின் தன்மையைத் தீர்மானிக்கும். "அப்படிச் சொல்லக்கூடாது" என்றால், பிள்ளை அடுத்த முறை வாய் திறவாது. அதன் கூற்றைக் கரும்பலகையில் அவ்வாறே எழுதி, அதன் கீழ் "மாரிகாலத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றின் நீர் உயரும்" என்றும் எழுதினால், இரண்டையும் ஒப்பிடும் வாய்ப்புக் கிடைக்கின்றது. 'எங்கடை' என்பது 'எங்கள்' ஆகும், 'உங்கடை' எதுவாகும்? 'வீட்டிலை' என்பது 'வீட்டில்' ஆகும், 'காட்டிலை' எதுவாகும்? தன் வீட்டு மொழியும் ஒழுங்குடையது, நூல்மொழியும் ஒழுங்குடையது, இரண்டுக்குமிடையே ஒரு பாதை உண்டு என்பதைப் பிள்ளை தானே கண்டுகொள்கின்றது.

இதனை மொழியியல் அடிப்படையிலும் வலியுறுத்தலாம். ஒரே மொழிச் சமுதாயத்தில் இரு வழக்குகள் வெவ்வேறு பணிகளுக்கென நிலவும் நிலையை சார்ள்ஸ் பேகுசன் 1959இல் 'இரட்டை வழக்கு' என வரையறுத்தார். தமிழ் அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். யாழ்ப்பாணப் பிள்ளைக்கோ இதில் ஒரு தனி வாய்ப்பும் உண்டு. அ, இ, உ என்னும் மூன்றையும் சுட்டெழுத்தாக நன்னூல் கூறுகின்றது. தமிழகப் பேச்சுவழக்கில் உகரச் சுட்டு வழக்கிழந்துபோயிற்று. எமது பிள்ளையோ 'அது, இது, உது' எனவும் 'அவன், இவன், உவன்' எனவும் நாள்தோறும் பேசுகின்றது. கேட்போனுக்கு அண்மையிலிருப்பதை 'உது' என்று பிழையறச் சுட்டுகின்றது. இலக்கணம் கூறும் ஒரு வேறுபாட்டை இயல்பாகக் கொண்டுவரும் பிள்ளையின் பேச்சைக் கொச்சை என ஒதுக்கும் வகுப்பறை, தன் கைப்பொருளை அறியாத வகுப்பறையாகும்.

அடுத்துக் கணிதம். பனங்கொட்டை, புளியங்கொட்டை, ஈர்க்கு என்பன செலவின்றிக் கிடைக்கும் கருவிகள். ஈர்க்குகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, கட்டுகளையும் உதிரிகளையும் தனித்தனி வைத்து எண்ணும்போது இடப்பெறுமானம் கைக்குப் புலனாகின்றது. தமிழ் எண்பெயர்கள் இதனை இருவகையிற் பாதிக்கின்றன. 'இருபத்து மூன்று', 'ஐம்பத்தாறு' என்பவை கட்டையும் உதிரியையும் தாமே சொல்லிவிடுகின்றன. 'தொண்ணூறு', 'தொள்ளாயிரம்' என்பவையோ அவ்வாறல்ல. தொண்ணூற்றில் 'நூறு' ஒலிக்கின்றது. ஆயின் நூறு அங்கில்லை. தொள்ளாயிரத்தில் 'ஆயிரம்' ஒலிக்கின்றது, ஆயிரமும் அங்கில்லை. இவ்விடத்திற் பிள்ளை தடுமாறுமாயின் அது மந்தபுத்தியால் அன்று, சொல்லை நம்பியதால் ஆகும். ஒன்பது கட்டுகளைக் கண்முன் வைத்த பிள்ளைக்கு அத்தடுமாற்றம் நீங்கும்.

பின்னர்ச் சுற்றாடல். கட்டுள்ள பாடசாலைக் கிணற்றடிக்கு ஆசிரியர் பிள்ளைகளை அழைத்துச் செல்கின்றார். மீற்றருக்கு ஒரு முடிச்சாக இடப்பட்ட கயிற்றின் நுனியிற் கல்லைக் கட்டி ஆசிரியரே இறக்க, கிணற்றுக் கட்டிலிருந்து நீர்வரையுள்ள முடிச்சுகளைப் பிள்ளைகள் எண்ணுகின்றனர். அவ்வளவுக்குக் கடதாசிக் கீற்றொன்றை வெட்டிச் சுவரில் ஒட்டுகின்றனர். மாதந்தோறும் இவ்வாறு செய்யின், கோடையில் நீளும் கீற்று, ஐப்பசி மழைக்குப்பின் குறுகுவதை ஆண்டிறுதியிற் காணலாம். அளவை, எண், வரைபு, பருவம், நிலவியல் யாவும் ஒரே கயிற்றிலே இறங்கிவிடுகின்றன. இதற்கு மேலும் ஒரு வினா எழலாம்: நீர் எப்போதும் குடிக்கத்தக்கதா? மிகையான உரப் பாவனையால் நைத்திரேற்று நீரிற் சேர்தல், கரையோரங்களில் மிகையாக நீர் இறைத்தலால் உவர் ஏறுதல், சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பற்றி 2014-2015இல் எழுந்த பெரும் பிரச்சினை என்பன எமது பிள்ளைகளின் வீட்டுக் கதைகளிலேயே இடம்பெற்றவை. எட்டு வயதுப் பிள்ளைக்கு இவற்றின் இரசாயனம் வேண்டியதில்லை. தண்ணீர் எல்லோர்க்கும் பொது என்பதும், ஒருவர் செய்வது மற்றவர் கிணற்றைத் தொடும் என்பதும் விளங்கினாற் போதும்.

இடைவேளையின்பின் விளையாட்டு. கிளித்தட்டுக்கு வேண்டுவன சில கோடுகளும் இரு அணிகளுமே. முறை காத்தல், கோட்டை மதித்தல், அணியின் மெலியவனையும் சேர்த்துக்கொண்டு திட்டமிடல் என்பன அங்கே கற்கப்படுகின்றன. நாளின் இறுதியிலே எழுத்துவேலை. காலையிற் பேசியதையும் கிணற்றடியிற் கண்டதையும் நான்கைந்து வாக்கியங்களாக எழுதி, படமும் வரைகின்றனர். எழுத்து இங்கே கரும்பலகையைப் பார்த்துப் படியெடுத்தல் அன்று. சொல்ல ஒன்று இருப்பதனால் எழுதப்படுவது. ஆசிரியர் யார் எதனைச் செய்ய வல்லவர், யாருக்கு எது இன்னும் கைவரவில்லை எனக் குறித்துக்கொள்கின்றார். ஒவ்வொருவரும் தத்தம் வேகத்தில் ஒன்றைத் தேர்ந்து அடுத்ததற்குச் செல்லுதல் என்னும் இத்தேர்ச்சிக் கொள்கை, வகுப்புப் பிரிவறியாத திண்ணைப் பள்ளியின் நல்ல கூறொன்றை, அதன் பாகுபாடின்றி மீட்டெடுப்பதாகவும் கொள்ளலாம்.

6. தடைகள்

இம்மாதிரி நாள் ஏட்டில் எழுதப்பட்டபோதெல்லாம் நடைமுறையில் நிகழ்ந்ததெனக் கூறுதல் உண்மையாகாது. போர்க்காலம் குடாநாட்டின் பாடசாலை நாளையே சிதைத்தது. 1990 முதல் வலிகாமம் வடக்கின் பாடசாலைகள் பல தம் சொந்த நிலத்தை இழந்து பிற இடங்களில் இயங்கின. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது பாடசாலைகளே அகதி முகாம்களாயின. மரநிழலிலும் கொட்டிலிலும் வகுப்புகள் நடந்தன. அந்நிலையிலும் இடாப்பைக் கைவிடாத ஆசிரியர்களின் பணி தனியே ஆராயத்தக்கது. 2009இல் போர் முடிவுற்றபின்னும் தீவகத்திலும் சிற்றூர்களிலும் பிள்ளைகள் குறைந்த சிறு பாடசாலைகளில் ஓர் ஆசிரியரே பல தரங்களைக் கற்பிக்க நேர்ந்தது.

மற்றைய தடை எமது மனப்பாங்கிலிருந்து எழுவதாகும். ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சை, வறிய பிள்ளைகளுள் ஆற்றல் மிக்கோரை நல்ல வசதியுள்ள பாடசாலைகளிற் சேர்ப்பதற்கென இலவசக் கல்விக் கொள்கையோடு இணைந்து தோன்றியது. காலப்போக்கில் அதுவே பெயர்பெற்ற பாடசாலைகளுக்கான போட்டியாகவும், பெற்றோரின் கௌரவப் பிரச்சினையாகவும் மாறிற்று. மூன்றாந் தரத்திலேயே பிள்ளை தனியார் வகுப்புக்கு அனுப்பப்படும் நிலையில், ஈர்க்குக் கட்டுவதும் கிணறு அளப்பதும் 'நேரம் வீணாக்கல்' எனத் தோன்றுதல் இயல்பே. பரிசோதகரின் நாளுக்காக ஆண்டு முழுவதையும் செலவிட்ட பழைய முறை, வினாத்தாள் வடிவில் மீண்டும் வந்து சேர்ந்தது. பணம் கொடுத்துப் பயிற்சி பெறும் பிள்ளைக்கும் அவ்வாறு இயலாத பிள்ளைக்கும் இடையே புதியதொரு பிரிகோடு வீழ்ந்தது. வாங்கும் நிலமும் என்ற பழைய பிரிவு கண்ணுக்குத் தெரிந்தது. இப்பிரிவோ திறமை என்னும் பெயரால் மறைந்து நிற்கின்றது.

7. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிபுகள் பெறப்படுகின்றன. ஒன்று, கற்பித்தல் முறை தனித்து நிற்பதன்று. ஏட்டின் அருமை மனனத்தையும், நன்கொடை விதி பரீட்சைப் பயிற்சியையும், சாதியமைப்பு இருக்கையையும் தீர்மானித்தன. ஆகவே கலைத்திட்டத்தை மட்டும் மாற்றி வகுப்பறையை மாற்ற முடியாது. இரண்டு, செயல்வழிக் கற்றலுக்கு விலையுயர்ந்த கருவிகள் முன்நிபந்தனையல்ல. பனையும் கிணறும் பேச்சுமொழியும் எந்தச் சிற்றூர்ப் பாடசாலையிலும் உண்டு. வேண்டப்படுவன பிள்ளையின் சொல்லைக் கேட்கும் ஆசிரியரும், அவரது வகுப்பிற்கு ஏற்ற பிள்ளைத்தொகையும், பரீட்சைப் புள்ளிகளைக் கொண்டு அவரை அளக்காத நிருவாகமும் ஆகும். மூன்று, எமது வகுப்பறைகளை ஆராய்வோர் பெறுபேற்று அட்டவணையோடு நின்றுவிடாது, ஒரு முழு நாள் பின்வரிசையிலிருந்து நோக்கிப் பதிவு செய்தல் வேண்டும். அன்று யார் பேசினர், யார் பேசவேயில்லை, பேசாதிருந்தோர் எந்தக் குறிச்சியிலிருந்து, எத்தகைய வீடுகளிலிருந்து வருகின்றனர் என்னும் மூன்று வினாக்களுக்கேனும் அப்பதிவு விடையளித்தல் வேண்டும். குடாநாட்டுப் பாடசாலைகள் பலவற்றிலிருந்து இத்தகைய பதிவுகள் திரட்டப்படுமாயின், இலவசக் கல்வி எவ்வளவு தூரம் சமகல்வியாக மலர்ந்துள்ளது என்பதை மதிப்பிடுதற்கு உறுதியான சான்றுகள் கிடைக்கும். எமது பல்கலைக்கழகத் தமிழ் மாணவரும் கல்வியியல் மாணவரும் இணைந்து மேற்கொள்ளத்தக்க பணி இதுவாகும்.